மைக் ஒலிவர்: கேள்வியைத் திருப்பியவர்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் இங்கிலாந்தில் பேராசிரியர் மைக் ஒலிவர் காலமானார். சமூகவியலில் மார்க்சிய நோக்கைக் கையாண்ட அறிஞர் பலரை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிவர். ஒலிவரை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. உடலூனமுற்றோர் பற்றிய சிந்தனை வைத்தியருக்கும் தருமவான்களுக்கும் உரியதென நாம் ஒதுக்கி வைத்திருப்பதே இதற்குக் காரணம் போலும்.

1945இல் பிறந்த ஒலிவர், 1962இல் நீச்சற்குளத்தில் நேர்ந்த விபத்தில் கழுத்து முறிந்தார். அப்பொழுது அவருக்கு வயது 17. ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையிலிருந்து சக்கர நாற்காலியில் வெளிவந்தவர், இளங்குற்றவாளிகளின் சிறைக்கூடமொன்றில் கற்பித்தார். பின்னர் கென்ற் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்று கலாநிதியானார். இறுதியில் கிறீனிச் பல்கலைக்கழகத்திலே, ஊனமுற்றோர் ஆய்வுத்துறையில் பிரித்தானியாவின் முதற் பேராசிரியரானார். இதனைத் தனிமனிதத் துணிவின் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால், ஊனத்தைத் தனிமனித அவலமாகக் காணும் பார்வையை எதிர்த்தே அவர் வாழ்நாள் முழுவதும் எழுதினார்.

அவரது சிந்தனை நூலகத்திற் பிறந்ததன்று. ஹாம்ஷயரிலே லே கோர்ட் என்னும் விடுதியில் வாழ்ந்த ஊனமுற்றோர், தம் வாழ்வைத் தாமே நிர்வகிக்கும் உரிமைக்காக அறுபதுகளிற் போராடினர். தம் பக்கம் நியாயம் உண்டென்று நம்பி ஆய்வாளரையும் அழைத்தனர். வந்த ஆய்வாளரோ நடுநிலை பேசினர். 1972இல் வெளியான அவர்களது நூல், சமூகத்தின் கண்ணில் இறந்துவிட்டவர்கள் உடலால் இறக்கும்வரை காத்திருக்கும் இடமாகவே அத்தகைய விடுதிகளைக் கண்டது. அக்காத்திருப்பைச் சற்று இதமாக்குவதற்கே வழி கூறியது. விடுதிவாசிகளின் கோபத்தை நாம் ஊகிக்கலாம். அவ்விடுதியில் வாழ்ந்திருந்த போல் ஹன்ற் அதே ஆண்டு செப்டெம்பரில் ‘கார்டியன்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, ஊனமுற்றோர் தமக்கெனச் சங்கம் அமைக்க அழைத்தார். தென்னாபிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்று, 1968இல் பிரித்தானியாவை அடைந்த விக் பிங்கெல்ஸ்ரைனும் அச்சங்கத்திற் சேர்ந்தார். பிரித்து ஒதுக்குவதன் கொடுமையை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1976இல் அச்சங்கம் வெளியிட்ட கொள்கை அறிக்கை, உடற்குறை வேறு, ஊனமாக்கப்படுதல் வேறு என்றது. முன்னது உடலின் நிலை. பின்னது சமுதாயம் சுமத்தும் ஒடுக்குமுறை. சமூகப்பணி மாணவர்க்குக் கற்பித்துவந்த ஒலிவர், இக்கருத்தை வகுப்பறைக்கு ஏற்ற கருவியாக்கி ‘சமூக மாதிரி’ எனப் பெயரிட்டார். 1983இல் நூலாகவும் எழுதினார். ஊற்று எதுவென்பதை அவர் மறைத்ததில்லை. பிறர் போராட்டத்தில் விளைந்ததைத் தம் பெயரில் அறுவடை செய்யும் பேராசிரியர் மலிந்த உலகில் இது சிறிய செய்தியன்று.

1990இல் வெளிவந்த ‘ஊனமாக்கலின் அரசியல்’ அவரது தலையாய நூல். தொழிற்சாலையின் வேகமும் ஒழுங்கும் நேரக்கட்டுப்பாடும் மனித உடலுக்குப் புதியதோர் அளவுகோலை விதித்தன. வீட்டிலும் வயலிலும் இயன்றதைச் செய்து வாழ்ந்தவர்கள் உழைப்புச் சந்தையிலிருந்து தள்ளப்பட்டு, விடுதிகளுக்குள் அடைக்கப்பட்டனர் என்பது அவர் வாதம். முற்காலக் கிராமத்துக் கொடுமைகளை இவ்வாதம் குறைத்து மதிப்பிடுகிறதோ என்ற ஐயம் நமக்குண்டு. ஆயினும் நூலின் மற்றொரு பகுதிக்கு மறுப்பே இல்லை. எண்பதுகளில் பிரித்தானிய அரசு நடத்திய கணக்கெடுப்பின் வினாக்களை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினார். பொருள்களைப் பிடிக்கவோ திருகவோ முடியாமைக்கு உமது எந்த நோய் காரணம் என அரசு கேட்டது. போத்தலும் தகரப்பேணியும் எவ்வாறு தவறாக அமைக்கப்பட்டுள்ளன எனக் கேட்டார் ஒலிவர். நோயினாலா விசேட பாடசாலைக்குச் சென்றீர் என்ற வினா, அங்கே அனுப்பியது கல்வி அதிகாரிகளின் கொள்கையா என்று மாறியது. அரசு அலுவலர் வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் இத்தகைய வினாக்களைக் கேட்டுச் சென்றபின், குறை தன்னிடமே என்று நம்பாதவர் எவர்?

நம் மொழியின் சங்கடமும் இங்கே நினைவுக்கு வருகிறது. ‘அங்கவீனர்’ என்கையில் குறையை அங்கத்தில் வைக்கிறோம். ‘மாற்றுத்திறனாளி’ என்கையில் மனிதரைப் புகழ்கிறோம். அவர் ஏறமுடியாத படிக்கட்டு அப்படியே இருக்கிறது. ‘ஊனமாக்கப்பட்டோர்’ என்ற பொருளிலேயே ஒலிவர் தம் ஆங்கிலச் சொல்லை ஆண்டார். தமிழில் அச்சொல் செவிக்கு இனிமையாயில்லை, இனிமையாயிருக்க வேண்டியதுமில்லை.

வலியும் நோயும் பெண்களின் அனுபவமும் இம்மாதிரியில் மறைந்துபோகின்றன என்று ஊனமுற்ற பெண்ணெழுத்தாளர் சிலரே குறைகூறினர். அக்குறை வெறுமையானதன்று. ஒலிவரோ, இது முழுமையான கோட்பாடன்று, வேலை செய்வதற்கான கருவி என்றே விடையளித்தார். 2013இல் எழுதிய கட்டுரையில் அவர் சினத்தை மறைக்கவில்லை: கருவியைக் கைவிட்டவர் அதனிடத்தில் வேறெதையும் தரவில்லை; அதற்கிடையே அரசு உதவிகளை வெட்டிக்கொண்டிருந்தது. பிறர் தயவின்றி வீட்டில் வாழ ஊனமுற்றோர்க்குப் பணம் வழங்கிவந்த நிதியம் 2015 ஜூன் 30ஆம் நாள் மூடப்பட்டது. அதனையும் அவர் உயிரோடிருந்து பார்க்க நேர்ந்தது.