எஸ்பிளனேடில் இடிபட்ட நினைவுச் சின்னம்

சிங்கப்பூர் எஸ்பிளனேடு கடலோரத்தில் 1945 ஜூலை 8ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் ஒன்றை நாட்டினார். போரில் மாண்ட இந்திய தேசிய இராணுவ வீரர்க்கென எழுந்த நினைவுச் சின்னம் அது. அப்படையிற் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் பலராவர். மே மாதத்திலேயே இரங்கூன் வீழ்ந்துவிட்டது. தோல்வி சூழ்ந்த வேளையிலேதான் இக்கல் எழுந்தது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொற்கள் மூன்று அதிற் பொறிக்கப்பெற்றன.

செப்டம்பரில் மீண்டுவந்த ஆங்கிலேயர், மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அதனைத் தகர்த்தனர். முதல் உலகப்போரில் தம் பக்கம் மாண்டோர்க்கென 1922இல் அவர்கள் திறந்த நினைவுத்தூணோ அருகிலேயே நின்றது. மாண்டாரிடம் பகை பாராட்டல் வீரர்க்கு அழகோ? இடிபட்ட சின்னத்தின் நினைவாக அங்கே குறிப்புக்கல் ஒன்று நிறுவப்பெற 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.