தானாகச் சொடுக்கும் மவுஸ்: ஒரு சின்ன வரலாறு

திரையில் இருக்கும் ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்துவது வேலையே இல்லை. அதையே ஐந்நூறு முறை அழுத்தச் சொன்னால் அது கூலிவேலை. அந்தக் கூலிவேலையை மென்பொருளின் தலையில் கட்டியவர்களின் கதைதான் 'ஆட்டோ க்ளிக்கர்' கதை. விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களின் கருவி என்று அதற்குப் பெயர் கெட்டுப் போயிருக்கிறது. ஆனால் அதன் முன்னோர்களெல்லாம் அலுவலகத்துக்காரர்கள்!

1990-ல் வெளிவந்த விண்டோஸ் 3.0-விலேயே 'ரெக்கார்டர்' என்றொரு நிரல் உண்டு. விசைப்பலகையிலும் மவுஸிலும் ஒருவர் செய்வதைப் பதிவு செய்து, பிறகு அதே வரிசையில் திரும்பச் செய்து காட்டும். சிக்கல் என்னவென்றால், அது பொத்தானை நினைவில் வைக்காது. பொத்தான் இருந்த இடத்தைத்தான் வைக்கும். இடம் கொஞ்சம் மாறியிருந்தால் போச்சு, க்ளிக் வேறெதன் மேலோ விழும். விண்டோஸ் 95-ல் இந்த நிரல் இல்லை. 1999-ல் வந்த ஆட்டோஇட், ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே மாதிரி அமைப்பதற்காக எழுதப்பட்டது. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று அழுத்துவதற்கு ஓர் ஆள் உட்கார வேண்டாம், அவ்வளவுதான் நோக்கம். 2003-ல் ஆட்டோஹாட்கீ இலவசமாக வந்தபின், நாலு வரி எழுதத் தெரிந்த எவரும் சொந்தமாக ஒரு க்ளிக்கர் செய்துகொள்ள முடிந்தது.

உள்ளே நடப்பது ரொம்ப எளிது. இடது பொத்தான் கீழே போனது, மேலே வந்தது என்று இரண்டு செய்திகளை விண்டோஸிடம் கொடுத்தால் ஒரு க்ளிக் முடிந்தது. இடைவெளி 100 மில்லி நொடி என்று சொன்னால் நொடிக்கு 10 க்ளிக். ஆனால் அந்த ஒழுங்கே காட்டிக் கொடுத்துவிடும். மனித விரல் அத்தனை துல்லியமாக அடிக்காது. அதனால் இடைவெளியை வேண்டுமென்றே கலைத்துவிடும் வசதியும் க்ளிக்கர்களில் சேர்ந்தது. நிரல் வழியாக வரும் க்ளிக்குக்கு விண்டோஸ் ஒரு குறியும் வைக்கிறது. வேண்டிய நிரல் அதைப் பார்த்துக்கொள்ளலாம். (திருடன் போலீஸ் ஆட்டம்தான்!)

இந்த ஆட்டம் நீதிமன்றம் வரை போனது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில், ஆள் இல்லாமலே மவுஸையும் விசைகளையும் இயக்கி ஆரம்பக் கட்டங்களைக் கடந்து தரும் 'க்ளைடர்' என்ற மென்பொருள் 2005 முதல் அமெரிக்காவில் விற்பனையானது. சுமார் 1,20,000 உரிமங்கள், ஏறக்குறைய 35 லட்சம் டாலர் வருமானம்! விளையாட்டை உருவாக்கிய ப்ளிஸார்ட் நிறுவனம் 'வார்டன்' என்ற காவல் நிரலை ஏவியது. க்ளைடர் அதன் கண்ணில் படாமல் நழுவியது. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுவையான ஒரு தீர்ப்புச் சொன்னது. தானியங்கி வேண்டாம் என்ற விளையாட்டு விதியை மீறுவது மட்டுமே பதிப்புரிமை மீறல் ஆகாது; ஆனால் வார்டனை ஏய்த்து நுழையும் கருவியை விற்றது குற்றம். அதாவது, தானாகச் சொடுக்கியதை விட ஒளிந்துகொண்டதுதான் பெரிய தப்பு.

2013 ஆகஸ்டில் பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் தியென்னோ 'குக்கி க்ளிக்கர்' வெளியிட்டார். ஒரு பிஸ்கட்டைச் சொடுக்கினால் ஒரு பிஸ்கட் கிடைக்கும். 15 சேர்ந்ததும் 10 நொடிக்கு ஒருமுறை தானே சொடுக்கும் ஒரு 'கர்சர்' வாங்கலாம். ஆட்டோ க்ளிக்கரை விளையாட்டே கடையில் வைத்து விற்கிறது! அதற்கும் வெளியிலிருந்து க்ளிக்கர் போட்டு விளையாடியவர்கள் உண்டு. மனிதர்களைத் திருத்தவா முடியும்?

இந்தச் சத்தத்தில் காதில் விழாமல் போகும் இன்னொரு கிளைக்கதை இருக்கிறது. விரலால் பொத்தானை அழுத்தவே முடியாதவர்கள் உண்டு. தலையசைவாலோ கண்ணாலோ அம்புக்குறியை நகர்த்திவிடுவார்கள், ஆனால் சொடுக்க முடியாது. 2008-ல் லினக்ஸின் க்னோம் 2.22-ல் சேர்ந்த 'மவுஸ்ட்வீக்ஸ்' அவர்களுக்கானது. அம்புக்குறி ஓரிடத்தில் சிறிது நேரம் அசையாமல் நின்றால், க்ளிக்கை மென்பொருளே போட்டுவிடும். பிறகு மற்ற இயங்குதளங்களிலும் இத்தகைய வசதி வந்தது. எங்கே, எப்போது என்று முடிவு செய்வது மனிதர். பொத்தான் அழுந்துவது நிரலால். 'நிரல் சொடுக்கினால் தடை' என்று மட்டும் எழுதி வைத்த விதியின் பார்வையில், தூங்கிக்கொண்டே பொன் சேர்க்கிறவரும் இவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.