நடைப்பிணமும் நோயாளரும்

இறந்தும் இறவாமல் அலையும் உடல், வெறித்த கண்கள், பசியோடு நீளும் கைகள். அதனிடம் கடிபட்டவர் சில நொடிகளில் கடிப்பவராக மாறிவிடுகிறார். ‘சோம்பி’ என்று உலகம் அழைக்கும் இந்த உருவத்தை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். 2016இல் வெளிவந்த ‘மிருதன்’ திரைப்படம் தமிழ்த் திரைக்கும் அதைக் கொண்டு வந்தது. நம் மொழியில் இதற்கு இணையாக ‘நடைப்பிணம்’ என்ற சொல் உண்டு. ஆயினும் வாழ்வில் பிடிப்பிழந்து வாடும் மனிதரைக் குறிக்கவே அச்சொல்லை இரக்கத்தோடு நாம் வழங்குகிறோம். திரையில் வரும் நடைப்பிணத்திற்கோ இரக்கம் இல்லை. அதை வீழ்த்துவதே கதாநாயகனின் கடமை.

வெறும் பொழுதுபோக்குதானே என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இன்றைய சோம்பிக் கதைகள் பலவும் கொடிய வைரஸ் நோயொன்றில்தான் தொடங்குகின்றன. எனவே தொற்றுநோயாளரை எந்தக் கண்கொண்டு நோக்குவது என்பதை அவை நமக்குச் சொல்லாமல் சொல்லித் தருகின்றன. அந்தப் பாடம் சரியானதா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

அடிமையின் அச்சம்

கரிபியக் கடலில் உள்ள ஹைட்டி, முன்னாளில் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தது. 1789 வாக்கில் அங்குக் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள் உழைத்தனர். அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்று ஆணையிட்ட 1685ஆம் ஆண்டின் அரச சட்டமே, அவர்களை அசையும் சொத்து என்றும் வகுத்திருந்தது. கிறிஸ்தவர்களாகிய நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டிய செய்தி இது.

இறந்தபின் தங்கள் ஆன்மா ஆப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பும் என்பது அம்மக்களின் ஆறுதலாக இருந்தது. ஆனால், இறந்த பிறகும் மந்திரவாதி ஒருவன் உடலை எழுப்பி, சித்தமற்ற கூலியாக வயலில் உழைக்கச் செய்துவிட்டால்? அந்த அச்சத்தின் பெயரே சோம்பி. அச்சொல்லின் வேர் காங்கோப் பகுதி மொழிகளில் இருப்பதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். ஹைட்டி மக்களின் கதைகளில் சோம்பி யாரையும் கடித்துத் தன்னைப் போல் ஆக்குவதில்லை. தாமும் அவ்வாறு ஆகிவிடுவோமோ என்பதே மக்களின் அச்சம். அந்தச் சோம்பிக்கு விடுதலையும் உண்டு. சிறிது உப்பு நாவில் பட்டால் போதும். தன் நிலையை உணர்ந்து, தன் கல்லறையைத் தேடிப் போய்விடுமாம்.

அமெரிக்கப் படை ஹைட்டியைத் தன் பிடியில் வைத்திருந்த 1915 - 1934 காலத்தில் இக்கதை அமெரிக்காவுக்குப் பரவியது. 1932இல் ‘ஒயிட் சோம்பி’ என்ற படம் வந்தது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’, அடிமையை மனிதரைத் தின்னும் கூட்டமாக மாற்றியது. அப்படத்தின் முடிவு கருதத்தக்கது. இரவெல்லாம் போராடி உயிர்பிழைத்த கறுப்பின மனிதரை, காலையில் துப்பாக்கிகளோடு வந்த கூட்டம் நடைப்பிணம் என்று எண்ணிச் சுட்டுக் கொல்கிறது. ரொமேரோ விடுத்த எச்சரிக்கை அது. பின்னால் வந்தவர்களில் பலர் எச்சரிக்கையை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டனர். 2002இல் வந்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்தில், ஆய்வுக்கூடத்திலிருந்து பரவும் வைரஸ் மக்களை வெறியராக்குகிறது. அவர்கள் பிணங்கள்கூட அல்லர்; உயிருள்ள நோயாளர்கள்!

யாம்புக்குவில் நடந்தது

திரையை விட்டு, அச்சொல் பிறந்ததாகக் கருதப்படும் காங்கோவுக்கே செல்வோம். அன்று சயீர் எனப்பட்ட அந்நாட்டின் யாம்புக்கு என்னும் சிற்றூரில், பெல்ஜிய மறைப்பணியாளர் நடத்திய 120 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று இருந்தது. 1976 ஆகஸ்டு இறுதியில் காய்ச்சலோடு வந்த பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அங்கு ஊசி போடப்பட்டது. செப்டம்பர் 8 அன்று அவர் இறந்தார். அடுத்தடுத்து நோயாளர்களும், அவர்களைப் பேணிய உறவினர்களும், செவிலியரும் மடிந்தனர். மொத்தம் 318 பேருக்கு நோய் கண்டது. 280 பேர் இறந்தனர். மருத்துவமனைப் பணியாளர் 17 பேரில் 11 பேர் மாண்டனர். அருட்சகோதரியரும் அவர்களோடு உயிர்நீத்தனர்.

இங்கே கசப்பான உண்மை ஒன்றையும் நாம் மறைக்கலாகாது. அம்மருத்துவமனையில் நாளொன்றுக்கு 5 ஊசிகளே எடுத்துத் தரப்பட்டன. ஒருவருக்குப் போட்டபின் வெந்நீரில் அலசி அடுத்தவருக்குப் போட்டனர். நோயை விரைந்து பரப்பியதில் அந்த ஊசிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று பின்னர் ஆய்ந்த மருத்துவ வல்லுநர் கண்டனர். அன்பு குறைந்ததால் நேர்ந்த கேடு அன்று அது. அன்போடு அறிவும் கருவிகளும் சேராததால் நேர்ந்தது. நல்ல மனம் மட்டும் போதும் என்று எண்ணும் நம் பிறரன்புப் பணிகளுக்கு யாம்புக்கு என்றும் ஒரு பாடம்.

எஞ்சிய சகோதரியர், தங்கள் இல்லத்தைச் சுற்றிக் கட்டுத்துணியைக் கயிறுபோல் கட்டி, இதைத் தாண்டி வருபவர் சாக நேரும் என்று எழுதி வைத்திருந்தனர். அவ்வேலியைத் தாண்டி முதலில் சென்றவர்களுள் ஒருவர் இளம் பெல்ஜிய மருத்துவர் பீட்டர் பியோட். புதிய வைரசுக்குப் பெயரிடும் வேளை வந்தபோது, அவ்வூரின் பெயரைச் சூட்டினால் மக்கள் காலமெல்லாம் பழி சுமப்பர் என்று அக்குழுவினர் தயங்கினர். ஆகவே தொலைவில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரை வைத்தனர். பெயரிடுவதிலும் இரக்கம் காட்ட இயலும்!

மீண்டும் 1995இல் அதே நாட்டின் கிக்விட் நகரில் 315 பேரை எபோலா தாக்கியது. ஏறத்தாழ 250 பேர் இறந்தனர். இத்தாலியின் பெர்கமோ நகரைச் சேர்ந்த ஏழையரின் சகோதரிகள் சபையின் அறுவர் அங்கு உயிர்நீத்தனர். ஏப்ரல் 25 அன்று சகோதரி ஃப்ளோரல்பா முதலில் இறந்தார். நோயுற்ற சகோதரியைப் பேணியவர் நோயுற்றார். அவரைப் பேண வந்தவரும் நோயுற்றார். மே 28க்குள் அறுவரும் மறைந்தனர். கையுறையும் முகக்கவசமும் மேலங்கியும் முறையாக வந்துசேர்ந்தபின் மருத்துவமனையில் தொற்று தணிந்தது. அறுவரையும் 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவர்களாக அறிவித்தார்.

உயிர்பிழைத்தோரின் கைகள்

சோம்பிக் கதையில் உண்மை சிறிதும் இல்லையா? ஒரு துளி உண்டு. எபோலாவால் இறந்தவரின் உடலிலிருந்தும் நோய் தொற்றும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை 11,300க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பெருந்தொற்றில், இறந்தவரைக் குளிப்பாட்டித் தழுவி வழியனுப்பிய சடங்குகளும் நோயைப் பரப்பின. இறந்தவர் எழுந்து நடப்பதாக வதந்திகளும் உலவின. அவ்வேளையில் உலக நலவாழ்வு நிறுவனம், காரித்தாஸ் உள்ளிட்ட சமய அமைப்புகளோடு கலந்து, பாதுகாப்பும் மாண்பும் கொண்ட அடக்கமுறையை 2014 நவம்பரில் வகுத்தது. காப்புடை அணிந்தோரே உடலைத் தொடுவர், ஆயினும் உறவினர் அருகிருப்பர், செபம் உண்டு, கல்லறைக்குப் பெயரும் உண்டு.

கிழக்குக் காங்கோவில் 2018 முதல் 2020 வரை எபோலா பரவியபோது, தாய்மார் சிகிச்சையில் இருக்க, கைக்குழந்தைகள் தனித்து விடப்பட்டனர். அவர்களை யார் தூக்குவது? எபோலாவிலிருந்து மீண்டவர்கள் முன்வந்தனர். நோயை வென்ற உடலில் எதிர்ப்பாற்றல் இருந்தது. அந்தப் பெண்கள் குழந்தைகளை மடியில் இட்டுத் தாலாட்டினர். திரையில், தொற்றுக்கு ஆளானவர் அடுத்தவரைக் கடிக்கிறார். பெனி நகரிலோ, தொற்றிலிருந்து மீண்டவர் அடுத்தவரின் பிள்ளைக்குப் பாலூட்டும் புட்டியைப் பிடித்தார்.

அதே 2020இல் நம் சென்னையில் நடந்ததையும் எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் மாதத்தில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைக் கல்லறைக்குக் கொண்டு சென்றவர்களை ஒரு கூட்டம் வழிமறித்துத் தாக்கியது. நள்ளிரவில், குடும்பத்தார் உடனில்லாமல், நண்பரான மற்றொரு மருத்துவரே மண்ணள்ளிப் போட்டு அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. கல்லெறிந்தவர் கொடியவர் அல்லர், நம்மைப்போல் அஞ்சியவர்கள். அச்சம் அவர்கள் கண்ணிலிருந்து மனிதரை மறைத்து, நோயை மட்டும் காட்டியது.

தொழுநோயாளர் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்ற சட்டம் இருந்த காலத்தில், ஆண்டவர் கைநீட்டி ஒருவரைத் தொட்டார். ஒரு சொல்லாலேயே குணமாக்க வல்லவர் அவர், ஆயினும் தொட்டார். நம் கைகள் இன்று கையுறை அணிந்தே தொட வேண்டியிருக்கலாம். தவறில்லை; அணிந்துகொள்வோம். ஆனால் அடுத்த தொற்று வரும் நாளில், நம் தெருவில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருமுகிறவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதை மறவாதிருப்போம். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்து, வாசலில் ஒரு வேளைக் கஞ்சியையேனும் வைப்போம்.