கனிஷ்ட சம்பியனின் நெடும்பாதை

சென்னையில் 1961இல் பிறந்த ரமேஷ் கிருஷ்ணன், 1979ஆம் ஆண்டில் விம்பிள்டன், பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டிகள் இரண்டிலும் கனிஷ்ட டென்னிஸ் சம்பியனானார். அவரது தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் வென்றதும் இதே விம்பிள்டன் கனிஷ்ட பட்டமே.

ஆயினும் தொழில்முறை அரங்கில் வேகமும் உடல்வலிமையும் கோலோச்சின. நுட்பத்தையே நம்பிய ரமேஷ், அமெரிக்க பகிரங்கப் போட்டியில் 1981, 1987ஆம் ஆண்டுகளிலும் விம்பிள்டனில் 1986இலும் காலிறுதி வரை முன்னேறினார். அதற்கப்பால் செல்ல இயலவில்லை. 1985இல் எட்டிய 23ஆம் இடமே உலகத் தரவரிசையில் அவரது உச்சம். எனினும் 1989இல் அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியில், அப்போதைய முதல்நிலை வீரர் மட்ஸ் விலாண்டரை அவர் வீழ்த்தினார்.

பதின்ம வயதுப் பட்டத்துக்கும் தொழில்முறை உச்சிக்கும் இடையிலான தூரத்தை இவ்வரலாறு உணர்த்துகின்றது. எமது நாட்டிலும் பாடசாலைச் சம்பியன்களுக்கு மாலையிடுவதோடு ஓய்ந்துவிடாது, அதன்பின் வரும் கடினமான ஆண்டுகளிலும் துணைநிற்பது சமூகத்தின் கடமையாகும்.