வங்கப் பக்திப் பாடல் மரபும் ஆங்கிலக் கீதாஞ்சலியும்

வங்காள மொழியின் பக்திக் கவிதை பெரும்பாலும் பாடுவதற்காகவே இயற்றப்பட்டது. இராதை கண்ணன் காதலைப் பொருளாகக் கொண்ட வைணவப் பதாவலிகளை, சைதன்யரின் (1486–1534) வழிவந்த கூட்டுக் கீர்த்தனம் ஊர்தோறும் பரப்பியது. இப்பாடல்களின் இறுதியில் புலவர் தம் பெயரை வைத்துப் பாடும் முத்திரை வரி உண்டு; அது 'பணிதா' எனப்படும். முத்திரை இருந்தும், சண்டிதாசர் என்ற பெயரில் பாடியவர் ஒருவரா பலரா என்பது அறிஞர்களிடையே தீராத வழக்காகும். 18ஆம் நூற்றாண்டில் இராம்பிரசாத் சென் காளியைத் தாயாக்கி, பிள்ளைக்குரிய உரிமையோடு சண்டையிட்டுப் பாடினார்.

இரவீந்திரநாத் தாகூர் இம்மரபில் தோய்ந்தவர். பதின்ம வயதில் 'பானுசிங்கன்' என்ற புனைபெயரில், பழைய விரஜபுலி நடையிலேயே பதாவலிகள் எழுதத் தொடங்கினார். அவை 1884இல் நூலாயின. பின்னர் சிலாய்தஹவில் குடும்ப நிலங்களை மேற்பார்த்தபோது பாவுல் பாடகர்களின் பாட்டு அவரை ஆட்கொண்டது.

வங்காளக் கீதாஞ்சலி 1910இல் வெளிவந்தது. அதில் 157 பாடல்கள் உள்ளன. 1912இல் இலண்டனில் இந்தியா சொசைட்டி வெளியிட்ட ஆங்கிலக் கீதாஞ்சலி அதன் மொழிபெயர்ப்பு என்றே பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. அதிலுள்ள 103 பாடல்களில் ஏறத்தாழப் பாதியே வங்காள நூலிலிருந்து வந்தவை. ஏனையவை நைவேத்யம், கேயா முதலிய பிற தொகுப்புகளுக்கு உரியவை. நோய்வாய்ப்பட்டுப் பயணம் தள்ளிப்போன நாள்களில் தாகூரே தொடங்கிய ஆக்கம் அது. (அக்கையெழுத்துப் படி இலண்டன் சுரங்க இரயிலில் தொலைந்து, நல்லவேளையாகத் திரும்பக் கிடைத்தது.) எதுகையும் சந்தமும் பண்ணும் நீங்கி, எல்லாம் உரைநடையாயின.

யேட்சின் முன்னுரையோடு வந்த அந்நூல் 1913இல் நோபல் பரிசுக்கு வழிகோலியது. ஆந்த்ரே ழீடு அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். ஐரோப்பிய வாசகர் பலர் கண்டது கீழை நாட்டு ஞானி ஒருவரை. அவருக்குப் பின்னால் நின்ற கீர்த்தனக்காரர்களையோ, காளியோடு வழக்காடியவரையோ அன்று. புகழ் தணிந்ததும் இதனால் விரைவாயிற்று. தம் மொழிபெயர்ப்புகள் மூலத்துக்கு நியாயம் செய்யவில்லை என்று தாகூரே கடிதங்களில் ஒப்புக்கொண்டார். 1935இல் யேட்சும் அவரது ஆங்கிலத்தைக் கடுமையாகச் சாடினார்.

வைணவப் பதாவலிகளின் தேர்ந்த தொகுப்பொன்றை எட்வர்டு டிமாக்கும் கவிஞர் டெனிசு லெவர்டோவும் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1967இல்தான். கீதாஞ்சலிப் பாடல்களைச் செய்யுள் வடிவில் வில்லியம் ராடிச்சே புதிதாகப் பெயர்த்த நூல் 2011இல் வந்தது.