பக்கத்துக்கு உரியதா, பனுவலுக்கு உரியதா?
பக்கத் தலைப்பும் பக்க அடியும்: சுவடி முதல் மென்பொருள் வரை

முன்னுரை

அச்சு நூலின் பக்கங்களில் ஆசிரியர் எழுதாத சில வரிகள் இருக்கும். மேலே நூலின் பெயரோ இயலின் பெயரோ நிற்கும். பக்க எண் மேலேயோ கீழேயோ நிற்கும். டிடிபி கூடங்களில் இவற்றை ஹெட்டர், ஃபூட்டர் என்பார்கள். ஃபூட்டரை ‘அடிக்குறிப்பு’ என்று மொழிபெயர்ப்பது குழப்பம் தருகிறது. அச்சொல் ஆசிரியர் தரும் விளக்கக் குறிப்புக்கு உரியதாக நிலைத்துவிட்டது. ஆகவே இக்கட்டுரை பக்கத் தலைப்பு, பக்க அடி என்ற சொற்களையே ஆள்கிறது.

இன்றைய மென்பொருள்களில் இவ்வரிகளை அமைக்கும்போது ஏற்படும் சிக்கல்கள் பழைய கேள்வி ஒன்றிலிருந்து பிறந்தவை. இந்த வரி பக்கத்துக்கு உரியதா, பனுவலுக்கு உரியதா? வரலாற்றில் இரண்டு விடைகளும் தனித்தனி மரபுகளாக வளர்ந்தன. அவ்விரு மரபுகளையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவடி மரபு

ஓலைச்சுவடியின் கட்டு அவிழ்ந்தால் ஏடுகள் முறைமாறிப் போகும். அதற்குக் காப்பாக ஏட்டின் ஓரத்தில் ஏட்டெண் இடப்பட்டது. தென்னிந்தியாவில் ஏட்டின் முதற்பக்கத்திலும் வடக்கே இரண்டாம் பக்கத்திலும் எண்ணிடுவது வழக்கம். எண் ஏட்டுக்கு உரியது. அதில் எழுதியிருப்பது எதுவானாலும் எண் மாறாது.

ஐரோப்பாவில் மற்றொரு தேவை எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகச் சூழலில், முழுவதும் வாசிப்பதற்கு மட்டுமன்றித் தேடிப் பார்ப்பதற்கும் நூல் பயன்பட்டது. அக்காலத்துப் பாரிஸ் விவிலியப் படிகளில் ஒவ்வோர் ஆகமத்தின் பெயரும் விரித்த இரு பக்கங்களின் உச்சியில், பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமுமாக, சிவப்பு நீல எழுத்துகளில் எழுதப்பட்டது. ஆகமம் மாறினால் தலைப்பும் மாறும். இது பனுவலைப் பின்தொடரும் வரி. படியெடுப்பவருக்கு இதில் சிரமம் இல்லை. பக்கம் நிறைந்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஈய எழுத்துக் காலம்

1470இல் கொலோன் நகரில் அர்னால்ட் தெர் ஹோர்னன் அச்சிட்ட ஒரு மறையுரை நூலில் தாள் எண்கள் வலப்புற ஓரத்தின் நடுவில் அச்சாயின. 1499இல் வெனிசின் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட பெரோட்டியின் ‘கார்னுகோபியே’ நூலில் பக்கந்தோறும் எண் இடப்பட்டது. தாளின் எண் பக்கத்தின் எண்ணாக மாறியதால், சொல்லடைவு ஒரு சொல்லை இன்ன பக்கத்தில் என்று சுட்ட முடிந்தது.

அச்சகத்தில் இன்னொரு வழக்கமும் வேரூன்றியது. ஒரு ஃபாரம் (தாளின் ஒரு முகத்தில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) அச்சாகி முடிந்ததும் பனுவலின் எழுத்துகளைக் கலைத்து அவற்றின் அறைகளில் போட்டுவிடுவார்கள். பக்கத் தலைப்பையும் சுற்றியுள்ள கட்டைகளையும் கலைக்காமல் அடுத்த ஃபாரத்துக்கு எடுத்து வைப்பார்கள். நூலியலாளர் இதை ‘எலும்புக்கூடு’ என்றே அழைக்கின்றனர். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்ததால், அவற்றின் உடைவும் தேய்வும் அச்சான வரிசைக்குச் சான்றாகின. 1938இல் ஃபிரெட்சன் பவர்ஸ் பக்கத் தலைப்புகளை நூலியல் சான்றாக ஆளும் முறையை விளக்கினார். ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோ அச்சான முறையை 1963இல் சார்ல்டன் ஹின்மன் விரிவாக நிறுவியபோதும், மீண்டும் மீண்டும் வரும் எழுத்துகளையும் தலைப்புகளையும் அடையாளம் காண்பதே வழியாயிற்று. இங்கே தலைப்பு பக்கத்தின் சட்டகத்துக்கு உரியது. உள்ளிருக்கும் பனுவல்தான் வந்து போகிறது.

கட்டளை மொழிகள்

1964இல் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய, கணினியில் பனுவலைப் பக்கமாக வடிவமைக்கும் ரன்ஆஃப் நிரலில் பக்கத் தலைப்புக்கெனத் தனிக் கட்டளை இருந்தது. பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசானா 1973இல் உருவாக்கிய ட்ராஃப் இதை மேலும் நுட்பமாக்கியது. பக்கத்தில் குறித்த உயரத்தில் பயனர் ஒரு பொறி வைப்பார். அச்சு அந்த உயரத்தைத் தொட்டதும் பொறி விழுந்து, தலைப்பையோ பக்க அடியையோ இடும் கட்டளைத் தொகுதி இயங்கும். இடம், நடு, வலம் என மூன்று பகுதியாகத் தலைப்பிடும் வசதியும் அதில் உண்டு.

டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் எழுத்துக்கோப்பு நிரல், பக்கமா பனுவலா என்னும் கேள்வியின் மையத்தைத் தொட்டது. டெக் பத்திகளை வரிகளாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டே போகும். பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதைப் பிறகே முடிவு செய்யும். ஒரு சொல்லைக் கோக்கும்போது அது எந்தப் பக்கத்தில் விழும் என்பது கணினிக்கே தெரியாது. அதனால் பனுவலுக்குள்ளேயே கண்ணுக்குப் புலப்படாத குறிகளை இடும் முறையை நூத் வகுத்தார். பக்கம் உருவானதும் அதிலுள்ள முதற்குறி, கடைசிக்குறி, முந்தைய பக்கத்திலிருந்து தொடரும் குறி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறலாம். அகராதியின் பக்க உச்சியில் அப்பக்கத்தின் முதற்சொல்லும் கடைசிச்சொல்லும் நிற்பது இவற்றால் தானே அமைந்துவிடும். பாரிஸ் படியெடுப்பவர் கண்ணால் பார்த்துச் செய்ததை இக்குறிகள் கணினிக்குக் கற்பித்தன.

மாஸ்டர் பேஜும் செக்‌ஷனும்

1985இல் வெளிவந்த பேஜ்மேக்கரைத் தயாரித்த நிறுவனம் வெனிஸ் அச்சாளரின் நினைவாக ஆல்டஸ் என்று பெயர் சூடியிருந்தது. தமிழகத்து டிடிபி கூடங்களில் நெடுங்காலம் ஆண்டது இம்மென்பொருள்தான். இதன் மாஸ்டர் பேஜில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒருமுறை தலைப்பை அமைத்தால் போதும். பக்கந்தோறும் அது வரும். கலைக்கப்படாமல் கைமாறிய எலும்புக்கூட்டின் நேர்வாரிசு இது. நூலின் பெயருக்கு இது மிகப் பொருத்தம். இயலின் பெயரோ மாறிக்கொண்டே இருப்பது. இயல்தோறும் தனி மாஸ்டர் பேஜோ தனிக் கோப்போ வைத்தால்தான் அது அமையும்.

வேர்டு மென்பொருள் ஆவணத்தைச் செக்‌ஷன்களாகப் பிரிக்கிறது. முதற்பக்கத்துக்கு வேறு தலைப்பு, ஒற்றை இரட்டைப் பக்கங்களுக்கு வேறு தலைப்பு என்ற அச்சக வழக்கங்கள் அதில் தெரிவுகளாக உள்ளன. புதிய செக்‌ஷன் முந்தையதன் தலைப்போடு இணைந்தே பிறக்கும். அவ்விணைப்பை நீக்காமல் மூன்றாம் இயலின் தலைப்பைத் திருத்தினால் இரண்டாம் இயலின் தலைப்பும் மாறிவிடும். ஆய்வேடு தட்டுவோர் அடிக்கடி இடறும் இடம் இது. மாறும் இயற்பெயரைச் சட்டகத்தில் எழுதிவைப்பதே இதற்குக் காரணம்.

அதே வேர்டில் ஸ்டைல்ரெஃப் என்னும் புலமும் உண்டு. தலைப்பில் அதை ஒருமுறை இட்டால், குறித்த ஸ்டைலில் அமைந்த இயற்பெயரை அது பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் மேலிருந்து தேடவும் கீழிருந்து தேடவும் அதற்குத் தெரியும். ஃபிரேம்மேக்கரின் தலைப்பு மாறிகளும் இவ்வழியில் வந்தவை. 2001இல் டபிள்யூ3சி பரிந்துரைத்த எக்ஸ்எஸ்எல் தரமும் சட்டகத்துக்கு ஒன்று, மாறும் குறிக்கு ஒன்று என இரண்டையும் தனித்தனியே வகுத்தது.

முடிவுரை

இரு மரபுகளில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதற்கில்லை. மாறாத நூற்பெயருக்குச் சட்டகமும் மாறும் இயற்பெயருக்குப் பனுவற்குறியும் உரியவை. பக்க எண்ணின் இடத்தைச் சட்டகம் தரும். எண்ணிக்கையைக் கணினி தரும். இப்பிரிவினை தெளிந்தால் நூறு பக்க ஆய்வேட்டிலும் தலைப்பைக் கையால் திருத்த வேண்டிய தேவை வராது.

மின்னூலில் எழுத்தின் அளவை வாசகர் மாற்றினால் பக்கமே மாறுகிறது. சட்டகத்துக்கு அங்கே நிலையான இடம் இல்லை. ஆயினும் நடக்கும் இயலின் பெயரை வாசிப்புச் செயலிகள் காட்டுகின்றன. ஆசிரியர் இயலுக்கு முறையாகத் தலைப்பிட்டிருப்பதே அதற்கு ஆதாரம். ஆகவே பக்கத் தலைப்பைச் செம்மையாக அமைக்கும் வேலை பக்கத்தின் உச்சியில் தொடங்குவதில்லை. இயலின் பெயருக்கு உரிய ஸ்டைலைக் கொடுக்கும் இடத்தில் தொடங்குகிறது.