ஒரு தட்டும் ஒரு கடமையும்

எத்தியோப்பியர், தெஃப் எனும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட அகன்ற இஞ்சேராவை ஒரே தட்டில் விரித்து, அதன்மீது கறிகளிட்டு, சூழ்ந்திருந்து உண்பர். ஒருவர் வாயில் மற்றவர் கவளம் ஊட்டும் அன்புச் செயலுக்குக் குர்ஷா என்று பெயர்.

இவ்வழக்கம் மட்டக்களப்புக்கு அந்நியமன்று. குருக்கள்மடத்துக்கு வடக்கே, காத்தான்குடி முஸ்லிம் மக்களின் விருந்துகளில் பலர் சகன் எனும் ஒரே பெருந்தட்டைச் சூழ்ந்திருந்து சோறுண்பர். செல்வரும் வறியரும் ஒன்றாய்க் கையிடும் சமத்துவம் அது.

ஆயின், 1990 ஜூலையில் கல்முனைச் சாலைவழியே காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் குருக்கள்மடத்தில் மறித்துக் கடத்திக் கொன்றனர். அப்படுகொலை அயலவர் உறவையும் வெட்டியது.

மாண்டோரின் உறவினர் வேண்டுவன உண்மையும் நீதியும். தமிழராகிய நாமும் அவற்றையே உரத்துக் கேட்போமாக! விருந்துக்கு அழைப்பது எளிது. அயலவன் துயரைத் தன் துயராகக் கொண்டவனே அவனுடன் ஒரு தட்டில் உண்ணத் தக்கவன்.